அம்மா போட்ட சிவப்புக் கோடு

கூட்டத்துக்கு நடுவில் நான் வாய் திறந்து கத்தியது இதுவரைக்கும் ஒரே ஒரு முறைதான். இப்போதும் கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டால், நான் ‘உள்ளேன்’ சொல்லத் தொண்டையைத் தயார் செய்வதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த வருஷம் பாதி நாள் நான் பள்ளிக்கே போகவில்லை என்றுதான் இருக்கும். அப்படிப்பட்டவள் போட்ட ஒரு கத்தலில் ஒரு பாஸ்கட்பால் ஆட்டமே நின்றுபோனது.

அப்போது எனக்குப் பத்து வயது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் திடீரென்று ஒரு நாள் சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். அந்த முறை ஒரு வாரமாகக் கள்ளக்குறிச்சிக்குள் பஸ் வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்கிற ஒரு விஷயம் மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

அப்பா பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போகிற பஸ். பஸ் ஓடாத அந்த வாரம் அவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பது அம்மாவுக்குப் பெரும் பாடாக இருந்தது. மலைப்பாதை வளைவுகளிலேயே நின்று பழகிய கால்கள், அசையாத தரையில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. சமையலறை வாசலில் வந்து நின்று, “உள்ள எடம் இருக்குதா?” என்று கேட்பார். கழுத்திலிருந்து விசிலை மட்டும் கழற்றவில்லை.

சித்தப்பா எங்கள் வீட்டிலேயே தங்கி, ஊருக்கு வெளியே இருந்த கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. அவருக்குப் பீஸ் கட்டுவதற்காக அப்பா லீவு நாளிலும் டூட்டி பார்ப்பார். சித்தப்பா நல்ல உயரம். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வார். அந்த உயரத்துக்காகவே கல்லூரியில் அவரைப் பாஸ்கட்பால் டீமில் சேர்த்திருந்தார்கள். அந்த வருஷம் டீம் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஜெயிக்கிற டீமில் ஆடினவர்களுக்கு ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வெளியே ஊர் உலகமெல்லாம் ஒரு கோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா இந்த இன்னொரு கோட்டாவுக்காக வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

எதிர் டீம் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பையன்கள். மரங்கள் விழுவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்து, திரும்பிப் போக வழியில்லாமல் கல்லூரி வகுப்பறையில் தங்கியிருந்தார்கள். மூன்று வேளையும் உப்புமா. விசில் ஊத வேண்டிய ரெஃப்ரி கடலூரிலிருந்து வர வேண்டும், வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்டத்தை முடிக்காவிட்டால் சீட்டுக் குலுக்கி ஜெயித்தவரை அறிவித்துவிடுவோம் என்று மேலேயிருந்து போன் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி பி.டி. மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“கண்டக்டரே, உங்ககிட்ட விசில் இருக்குது இல்ல?”

“அது டிப்போ விசிலு சார்.”

“ஊதுனா சத்தம் வருதா? போதும். நாளைக்கு நீங்கதான் ரெஃப்ரி.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். “இன்னா சார் சொல்றீங்க? ஆடறவன் என் தம்பி. நான் எப்படி ஊதறது?”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உப்புமா தின்னுக்கினு கீறானுங்களே, அவனுங்களுக்கு எப்படித் தெரியும்? இவரு மலை பஸ் கண்டக்டரு, வருஷம் பூரா மலையிலதான் இருப்பாரு, ஊர்ல ஒருத்தரையும் தெரியாதுன்னு நான் சொல்லிக்கிறேன். வேற யாரு இருக்கா? ஆட்டம் நடக்கலனா சீட்டுல போயிடும் கண்டக்டரே, உங்க தம்பி வேல.”

அந்தக் கடைசி வார்த்தையில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் போன பிறகு அப்பா எங்களையெல்லாம் நிற்க வைத்துச் சொன்னார். நாளைக்கு மைதானத்தில் அவர் யாருக்கும் அண்ணன் இல்லை, அப்பா இல்லை. யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. விஷயம் தெரிந்துபோனால் ஆட்டமும் செல்லாது, சர்டிபிகேட்டும் கிடையாது.

“அப்போ நான் யாரு?” என்று அம்மா கேட்டாள்.

“நீ கூட்டம்.”

அம்மா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “சரி” என்றாள். அந்தச் ‘சரி’ எங்கே போய் முடியும் என்று அப்பாவுக்கு அப்போது தெரியாது.

என்னைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வீட்டிலேயே அப்பா என்று கூப்பிடாமல் பக்கத்தில் போய் நின்று சட்டையை இழுக்கிறவள் நான்.

மாஸ்டர் கொடுத்துவிட்டுப் போன விதிமுறைத் தாளை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பந்தைத் தட்டாமல் இரண்டு அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது.”

“சரிதான். டிக்கெட் வாங்காம உள்ள நகரக் கூடாது. ஒரு தட்டு, ஒரு டிக்கெட்டு. மேல படி.”

“வளையத்துக்குக் கீழே மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது.”

“படிக்கட்டுல நிக்கக் கூடாது. அப்பறம்?”

“ஒருவரை ஒருவர் இடிக்கவோ தள்ளவோ கூடாது.”

அப்பா விசிலைக் கீழே வைத்துவிட்டார். “இடிக்காம எப்படிம்மா? இடிக்கறவன எல்லாம் எறக்கி வுட்டா, டிரைவரும் நானும்தான் வெள்ளிமல போய்ச் சேருவோம்.”

அந்த ஒரு விதி மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் மனதில் ஏறவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஊரே மைதானத்தில் இருந்தது. கடை இல்லை, பஸ் இல்லை, வேலை இல்லை. ஜனங்கள் வேறு எங்கேதான் போவார்கள்? சந்தைக்கு இறங்கி வந்து மலைக்குத் திரும்ப முடியாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்த மலைக்காரர்கள் இருபது பேரும் மூட்டைகளோடு வந்துவிட்டார்கள். கண்டக்டர் எங்கேயோ பஸ்ஸும் அங்கேதான் கிளம்பும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை பாய் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் மெட்ராஸில் வேலை பார்த்தபோது நிறைய பாஸ்கட்பால் பார்த்தவர். ஊரில் அந்த ஆட்டம் தெரிந்த ஒரே பெரிய மனிதர் என்று அவருக்குப் பெயர்.

சிமென்ட் தளத்தில் நான்கு பக்கமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். அப்பா காக்கிச் சட்டையோடு நடுவில் வந்து நின்றார். சித்தப்பா வகுப்புத் தோழனிடம் இரவல் வாங்கிய வெள்ளை ஷூவின் முனையில் பேப்பரைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்த விதத்திலேயே, கொஞ்சம் விவரமானவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் முதல் குழப்பம். எதிர் டீம் பையன் ஒருவன் பந்தைத் தட்டாமல் நாலடி ஓடினான். அப்பா ஒரு விசில் ஊதினார். எல்லாரும் நின்றார்கள். பந்தை எங்கள் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் இரண்டு விசில் ஊதி, “ரைட், போலாம்!” என்றார். எங்கள் பையன்கள் எல்லாம் அவருடைய பஸ்ஸில் போய்வந்தவர்கள். இரண்டு விசில் கேட்டதும் பாய்ந்தார்கள். விசில் சத்தம் கேட்டால் நிற்க வேண்டும் என்று படித்து வந்த திருக்கோவிலூர்ப் பையன்கள் அசையாமல் நின்றார்கள். சித்தப்பா தனியாக ஓடிப் பந்தை வளையத்தில் போட்டார்.

எதிர் டீம் கேப்டன் ஓடி வந்தான். “சார், விசில் அடிச்சா நிக்கணும்தானே?”

“ஒரு விசிலுக்கு நிக்கணும் தம்பி. ரெண்டு விசிலுக்குப் போவணும்.”

“இது எந்த ஊரு ரூலு சார்?”

“எல்லா ஊர்லயும் இதான் ரூலு,” என்றார் அப்பா. மலைக்காரர்கள் இருபது பேரும் தலையாட்டினார்கள்.

ஆனால் அந்தப் பந்து அப்பாவின் மனசாட்சியில் போய் விழுந்துவிட்டது. தம்பிக்குச் சும்மா இரண்டு பாயிண்ட் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு சித்தப்பா பந்தைத் தொட்டால் விசில். தொடாமல் நின்றால், “படியில நிக்காத, உள்ள போ” என்று விசில். எதிரிப் பையன் சித்தப்பாவை முழங்கையால் இடித்தால், அது மலை பஸ்ஸில் நடக்கிற சாதாரண விஷயம். சித்தப்பாவின் தோள் அவன்மேல் உரசினால் மட்டும் விசில்.

பாய் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். “இன்னாய்யா அநியாயம் இது! அவன் தள்ளுனா காத்து, இவன் தள்ளுனா குத்தமா? வாங்கறதுக்கு ஒரு கல்லு, விக்கறதுக்கு ஒரு கல்லுன்னு நான் கட நடத்துனா வுடுவீங்களா?”

“பாய், குந்துங்க, மறைக்குது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நான் குந்தறேன். நியாயம் குந்திட்டா இன்னா பண்ணுவ?”

அப்போதுதான் எனக்குப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“யோவ் கண்டக்டரு! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?”

அம்மா. வீட்டில் அப்பாவை ‘என்னாங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூப்பிட்டறியாத அம்மா. அப்பாவின் தலை அடிபட்டது போலத் திரும்பியது. அம்மா நேராக அவர் முகத்தைப் பார்த்து, “உன்னத்தான்யா! காசு வாங்கிக்கினு சில்ற குடுக்காத ஆளு மாதிரி முழிக்கிற!” என்றாள். கூட்டம் கைதட்டியது. அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாதல்லவா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துப் பேச்சையெல்லாம் அம்மா அந்த அரை மணி நேரத்தில் பேசி முடித்தாள். இடைவேளை விட்டபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன் தீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை.

இடைவேளையில் இன்னொரு சிக்கல். எங்கள் பக்கத்துக் கோட்டின் மேலேயே ஜனங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, கோடு முழுவதும் அவர்களுடைய வேட்டிகளுக்கும் கால்சட்டைகளுக்கும் போய்விட்டது. திருப்பிப் போடச் சுண்ணாம்புப் பொடி இல்லை. பாய் போய்க் கடையைப் பாதி திறந்து ஒரு பாக்கெட் காவிப் பொடி கொண்டுவந்தார். பி.டி. மாஸ்டர் குனிந்து போட்டார். அது நல்ல பாம்பு மாதிரி போயிற்று. இன்னொரு மாணவன் போட்டான், அது சாரைப்பாம்பு.

அம்மா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். பாக்கெட்டை வாங்கினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடி இறங்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மூச்சில் நடந்தாள். நூல் பிடித்தது போலச் சிவப்புக் கோடு. திருக்கோவிலூர்ப் பையன்களே கைதட்டினார்கள். மார்கழி மாதத்தில் வாசல் கோலத்தைக் காவல் காப்பவள் அவள். இங்கேயும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். “தாண்டிப் போங்கடா! எவனாவது மிதிச்சீங்கன்னா தெரியும்.” இரண்டு டீம் பையன்களும், அவர்களுடைய மாஸ்டர்களும், குட்டை தாண்டுவது போல அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

திரும்பி வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வினாடி நின்றாள். எனக்குக் காதில் விழுந்தது.

“விசில எங்க வேணா ஊதுங்க. சோத்துக்கு வூட்டுக்குத்தான் வரணும்.”

இரண்டாவது பாதியில் அப்பா வேறு ஆளாக இருந்தார். சித்தப்பா பந்தை வைத்துக்கொண்டு ஏழெட்டு அடி நடந்தார், அப்பா டிக்கெட்டே கேட்கவில்லை. இப்போது திருக்கோவிலூர்க்காரர்கள் கத்தினார்கள். “சார், இப்ப ரூல மாத்திட்டீங்களா?” என்று அவர்களுடைய மாஸ்டர் கேட்டார். அப்பா பயந்துபோய் மறுபடியும் சித்தப்பாவுக்கு எதிராக ஊத ஆரம்பித்தார். அம்மா இருமினாள். நிறுத்தினார். எதிர் மாஸ்டர் முறைத்தார். ஊதினார். காற்றடிக்கிற பக்கமெல்லாம் திரும்புகிற கொடி மாதிரி அவர் நின்றார். நடுவில் ஒரு மலைக்காரர் எழுந்து, “கண்டக்டரே, ஆறு மணிக்காவது கிளம்புவீங்களா?” என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அந்த விதிகளை நான்தான் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அப்பா ஊதின விசிலில் முக்கால்வாசி தப்பு என்று அந்தக் கூட்டத்தில் பாய்க்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். பாய்க்குக் கத்த முடிந்தது. எனக்கு முடியவில்லை.

கரும்பலகையில் அவர்கள் நாற்பத்தொன்று, நாங்கள் நாற்பது. ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இல்லை. சித்தப்பா பந்தோடு எங்கள் பக்கத்துச் சிவப்புக் கோட்டை ஒட்டி ஓடி வந்தார். எனக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வலது காலை ஊன்றி எழும்பினார். ஷூவுக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரல்கடை இடம் இருந்தது. பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. ஊரே எழுந்தது.

ஒரு விசில்.

அப்பா கோட்டைக் காட்டினார். கால் பட்டுவிட்டது. பாயிண்ட் கிடையாது.

சத்தமெல்லாம் ஒரு கணம் அடங்கியது. அந்தக் கணத்தில்தான் யாரோ கத்தினார்கள். அது நான் என்று தெரிவதற்கு எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அப்பா! சித்தப்பா காலு கோட்டுல படலப்பா! நான் பாத்தேன்!”

திருக்கோவிலூர் மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். “யாரு பாப்பா அப்பா? யாரு சித்தப்பா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மலைக்காரர்தான் உதவிக்கு வந்தார். “கண்டக்டரோட பொண்ணுங்க அது. அந்த ஒசரப் பையன் கண்டக்டர் தம்பி. கோடு போட்டுச்சே, அந்தம்மா கண்டக்டரு வூட்டம்மா. நாங்கல்லாம் ஒரே பஸ்ஸுதானுங்க.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோடு அம்மா போட்டது, கால் சித்தப்பாவுடையது, விசில் அப்பா ஊதியது, காட்டிக் கொடுத்தது நான். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டத்துக்குப் போகாத பங்கு எதுவும் பாக்கியில்லை.

எங்கள் பி.டி. மாஸ்டர் முந்திக்கொண்டார். “சொந்தக்காரர் ஊதுன ஆட்டம் செல்லாது! நான் ஒத்துக்க மாட்டேன்!”

“நீங்கதானே சார் கூட்டியாந்தீங்க? ஊர்ல ஒருத்தரையும் தெரியாதுன்னு?” என்றார் அவர்களுடைய மாஸ்டர்.

அதற்குள் அவர்களுடைய கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அண்ணனா? கூடப் பொறந்த அண்ணனா சார்? எங்களுக்கு இவரே போதும். கடலூர் ரெஃப்ரி வந்திருந்தாகூட அந்த ஒசரத்துக்கு இவ்ளோ விசில் ஊதியிருக்க மாட்டாரு. இந்த அண்ணனையே வெச்சி முடிங்க!”

பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். “பேச்சு எதுக்கு? அந்தம்மா ஒருத்தரையும் கோட்ட மிதிக்க வுடல. பையன் ஷூவத் தூக்கிக் காட்டட்டும். அடியில செவப்பு இருந்தா பட்டுச்சு. இல்லன்னா படல. தம்பி, தூக்குப்பா.”

எல்லாரும் சித்தப்பாவின் காலைப் பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இதோ தூக்கப்போகிறார். வெள்ளையாக இருக்கப்போகிறது.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அன்றைக்கு முழுவதும் அப்போதுதான் அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அப்பா விசிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழியில் டயர் வெடித்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் மாதிரி நின்றிருந்தார். சித்தப்பா காலைத் தூக்கவில்லை. தரையில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

“விசில் ஊதிட்டாரு பாய். ஊதுனா ஊதுனதுதான். ஆட்டத்த முடிங்க.”

“டேய், தூக்குடா! உன் வேலடா!”

“முடியாது பாய்.”

தூக்க மாட்டேன் என்கிறான் என்றால் பட்டுத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. மிச்சமிருந்த சில வினாடிகளையும் ஆடி முடித்தார்கள். ஒரு பாயிண்டில் தோற்றோம். திருக்கோவிலூர்ப் பையன்கள் அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வேதனையாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகு அம்மாவுக்குத் தண்ணீர்க் கூஜா நினைவு வந்தது. என்னை அனுப்பினாள். மைதானத்தில் யாருமில்லை. சித்தப்பா மட்டும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வலது காலைக் கோட்டின்மேல் வைத்து, பீடியை அணைப்பது போல இப்படியும் அப்படியும் நன்றாகத் தேய்த்தார். தோற்ற கோபத்தில் கோட்டை அழிக்கிறார் என்று நினைத்தேன். கூஜாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மைதானத்திலேயே எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“குறுக்க ஒருத்தன் நின்னுக்கினு இருந்தான். நான் சரியாப் பாக்கவே இல்ல,” என்றார் அப்பா. “அண்ணன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்னு நெனச்சிக்கினே இருந்தேனா, கையி தானா விசில எடுத்துடுச்சு. படாமப் போயிருந்தா, நானே அவன் வேலையக் கெடுத்தவன்.”

சித்தப்பா வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்ததும் வலது ஷூவைக் கழற்றி, திருப்பி, அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாருண்ணா.”

அடியெல்லாம் சிவப்பு. அப்பா அதை வாங்கி பல்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பட்டுச்சாடா?”

“முழுக் காலும் பட்டுச்சு. எல்லார் முன்னாலயும் காட்ட வெக்கமா இருந்துச்சு. நீ ஊதுனது கரெக்ட்டு.”

அப்பா ஷூவைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு தடவை குழம்பு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை, கவலைதான். “பாப்பாவுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. பக்கத்துலயே குந்திக்கினு இருந்துட்டு, படலன்னு கத்துது பாரு.”

சித்தப்பா அந்த ஷூவை எடுத்துக்கொண்டு போய் அரை சோப்பு கரையும் வரைக்கும் தேய்த்தார். இரவல் ஷூ, காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அப்பா மலைக்குப் போய்விட்டார். சித்தப்பாதான் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் கண்ணாடிக் கடையில் உட்கார வைத்தார். அட்டையில் இருந்த எழுத்துகளைக் கடைசிப் பொடி வரி வரைக்கும் படித்தேன். கடைக்காரர், “கழுகுக் கண்ணுப்பா இது, எதுக்குக் கூட்டியாந்த?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். சித்தப்பா எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும், “அண்ணன் கேட்டா, லேசா மங்கலா தெரியுதுன்னு கடக்காரரு சொன்னாருன்னு சொல்லு, இன்னா?” என்றார். ரோஸ் மில்க்குக்கு விசுவாசமாக அப்படியே சொன்னேன்.

சித்தப்பாவுக்கு அந்தக் கோட்டா கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அலைந்து, ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

எனக்குக் கிடைத்தது பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லது என்று அப்பா மலையிலிருந்து வரும் வழியில் தினமும் ஒரு கட்டு வாங்கி வந்தார். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல். பக்கத்தில் உட்கார்ந்து நான் தின்று முடிக்கிறேனா என்று பார்ப்பார். அவர் கை கழுவ எழுந்து போகும் நேரம் பார்த்து, எதிரே உட்கார்ந்திருக்கும் சித்தப்பா என் தட்டிலிருந்து பாதிக் கீரையை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல மென்றுகொண்டிருப்பார். கடைசி வரி வரைக்கும் படிக்கிற கண்ணுக்கு எதற்கு இத்தனை கீரை, அதில் பாதியைச் சித்தப்பா எதற்குத் தின்ன வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.